பாதியில் நின்ற பாசுரம்

திருச்சி,
15.7.2024

உங்களுக்கு,

மேலே என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் ஒன்றும் போடவில்லை. காலி டப்பாக்களோடு இந்தக் காகிதத்தையும் சாப்பாட்டுப் பையில் வைத்து உங்கள் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பீர்கள். குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குப் பக்கத்திலேயே அம்மாக்கள் தங்கும் அறை. இங்கே கத்தவும் முடியாது.

"என்ன ஆச்சுன்னே புரியலைங்கறான்டி, வைதேஹி" என்று ஹம்ஸா அக்கா சொன்னாள். தம்பிக்குப் பரிந்துகொண்டு வந்தாள், பாவம். புரியவில்லை என்றால் நான் சொல்கிறேன்.

சனிக்கிழமை. நம் பெண் பதினோரு வாரம் முந்திக்கொண்டு பிறந்து, உங்களுக்குப் பத்து நாள் தீட்டு கழிந்த காலை. கோயிலில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண் ஈரம் காயுமுன் நேரே இங்கே வந்தீர்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழந்தைகளுக்குப் பாடி அமைதிப்படுத்த வருகிற ஹஃப்ஸா உங்களிடம் எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள்! "சார், பாட வேண்டாம். பேசற குரலைவிட மெல்ல, சும்மா முனகினா போதும். பாப்பா முகத்தையே பாத்துக்கிட்டு இருங்க. நான் கையைக் காட்டினா நிறுத்திடுங்க." பெரிய மனிதராகத் தலையை ஆட்டினீர்கள். இன்குபேட்டரின் சின்னக் கதவைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஆயிரங்கால் மண்டபத்துக் கடைசித் தூணுக்குக் கேட்கிற குரலில் பாசுரத்தை எடுத்தீர்கள்.

குழந்தை இரண்டு கை விரல்களையும் விரித்தாள். அப்புறம் மூச்சு விட மறந்துபோனாள். அலாரம் அடித்தது. ஹஃப்ஸா கையைக் காட்டினாள், சிஸ்டர் "சார், சார்" என்றாள். நீங்கள் நிறுத்தவில்லை. குழந்தை முகம் நாவல்பழ நிறத்துக்குப் போய், சிஸ்டர் அவள் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி மூச்சை வரவழைக்கிறாள், நீங்கள் கடைசி அடியை நிதானமாக முடிக்கிறீர்கள்.

"இனிமே இங்கே வராதீங்கோ" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

வைதேஹி

சாத்தமுதில் உப்பே இல்லை, வெறும் மிளகுத் தண்ணீர்.


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
16.7.2024

சௌபாக்யவதி வைதேஹிக்கு,

க்ஷேமம். உன் கடிதம் கிடைத்தது. இன்றைய சாத்தமுதில் உப்பு பார்த்துப் போட்டிருக்கிறேன். பூண்டுக் குழம்பு பால் சுரக்கும் என்று எதிராத்து மாமி சொன்னதால் அதுவும் இருக்கிறது. நம் ஆத்தில் பூண்டு சேர்ப்பதில்லை என்று நினைத்து ஒதுக்கிவிடாதே.

பாசுரத்தைப் பாதியில் விடக்கூடாது என்பது உனக்குத் தெரியாதது அல்ல. கோஷ்டியில் ஒருவர் முதலடியை எடுத்துக் கொடுத்துவிட்டால், மழை கொட்டட்டும், பந்தல் சாயட்டும், கடைசி அடி வரை போய்த்தான் நிற்போம். நடுவில் விட்டால் பெருமாளிடம் அபசாரம். ஏழு வயதிலிருந்து அப்படியே பழகிய வாய். அது தன் பாட்டுக்குப் போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை.

இனிமேல் குழந்தையிடம் யாரும் பாட வேண்டாம். பாட வருகிற அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடு. டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்து இருக்கிறது, அது போதும். பாட்டால் வந்த வினையைப் பார்த்தாயிற்று.

எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுது.

மதுசூதன்


திருச்சி,
19.7.2024

உங்களுக்கு,

'சௌபாக்யவதி' என்று பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். மாலையில்தான் மீதியைப் படித்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதினால் கோபம் ஆறிவிடும் என்று யார் சொன்னது?

மருந்து போதும் என்று ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறீர்கள். ஹஃப்ஸாவிடம் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவள் வேலையை நீங்கள் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் எப்படிப் பார்ப்பது? பாலக்கரைப் பெண். சென்னையில் இதற்கென்றே படித்தவள். முழங்கை வரை கழுவிவிட்டு வந்து முதலில் சும்மா உட்காருகிறாள். குழந்தை மூச்சு விடுகிற அழகைப் பார்க்கிறாள். அந்த மூச்சோடு ஒட்டி, ஒரே ஒரு ஸ்வரத்தை உதட்டை மூடிக்கொண்டு முனகுகிறாள். குழந்தை புருவத்தைச் சுருக்கினால் நிறுத்திவிடுகிறாள். விரலை விரித்தால் அந்தக் கணமே நிறுத்திவிடுகிறாள். அவள் ஒரு பாட்டை முடித்து நான் கேட்டதே இல்லை. "ஏம்மா, பாதியிலேயே விட்டுடறே?" என்று கேட்டேன். "பாட்டு எனக்கு இல்லைக்கா, பாப்பாவுக்கு. அவங்க போதும்னா போதும்" என்றாள்.

என்னை முனகச் சொல்கிறாள். எனக்கு வராது என்றேன். பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அத்தை ஒரு பாட்டு என்று கேட்டு, நான் வராது என்று சொல்லி, கூடமே ஓய்ந்து போயிற்று. நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "பரவாயில்லை, எங்காத்துல பாடறதுக்கு நான் இருக்கேனே" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சரி என்றேன். இப்போது ஆத்தில் பாடுகிறவரும் இல்லை, பாட வராதவள் மட்டும் இருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் பூங்கொடி என்று துறையூர்ப் பக்கத்துப் பெண். அவள் பையன் நம்மவளைவிடச் சின்னவன். ஓயாமல் ஏதாவது சிக்கல், அதனால் அவனுக்கு இன்னும் பாட்டுக்கு அனுமதி இல்லை. அவள் புருஷன் அம்மாசி வெங்காயக் காட்டை விட்டுவிட்டுத் தினம் முதல் பஸ்ஸில் வந்து கீழே வேப்பமரத்தடியில் உட்காருகிறார். ஒரு நாளைக்கு ஒரே தடவை மேலே வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் மேல் கோபம் இன்னும் ஏறுகிறது.

எடை ஏறவில்லை.

வைதேஹி


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
22.7.2024

வைதேஹிக்கு,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கண்ணை மூடியிருந்தேன் என்று எழுதியிருந்தாய். முழுவதும் மூடவில்லை. ஹஃப்ஸாவின் கை எனக்குத் தெரிந்தது. அலாரமும் கேட்டது. இன்னும் ஒரே ஒரு அடிதானே, முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். வாய் தன் பாட்டுக்குப் போய்விட்டது என்று போன கடிதத்தில் எழுதியது பொய்.

பத்து நாள் வாயைக் கட்டிப்போட்டிருந்த பிறகு அன்று காலை கோஷ்டியில் குரல் அப்படி எழும்பிற்று. என் பெண்ணுக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்று ஆசையாக ஓடி வந்தேன். அவள் கேட்க வேண்டும் என்று வந்தேனா, நான் பாட வேண்டும் என்று வந்தேனா என்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நேற்று கோயிலில் முதலடி எடுக்கிற முறை என்னுடையது. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. எதிர் வரிசையில் நின்ற ஜகன்னாத் சட்டென்று எடுத்துக்கொண்டான். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அந்த உள்ளங்கால்தான் கண்ணில் நிற்கிறது.

நீ என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

மதுசூதன்


திருச்சி,
24.7.2024

பாப்பாவுக்கு ரத்தத்தில் கிருமி. நேற்று முதல் பால் நிறுத்திவிட்டார்கள். திரும்பவும் பெரிய மெஷினில் வைத்திருக்கிறார்கள். ஹஃப்ஸா வந்து, பார்த்து, பாடாமல் போய்விட்டாள்.

நீங்கள் எழுதியது எனக்கு அன்றே தெரியும். உங்கள் இமை ஆடியதை நான் பார்த்தேன். நீங்களாகச் சொல்கிறீர்களா என்றுதான் இத்தனை நாளும் பார்த்தேன்.

சாப்பாடு அனுப்ப வேண்டாம். இறங்கவில்லை.

வை.


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
26.7.2024

வைதேஹிக்கு,

சாப்பிடாமல் இருக்காதே. தயிர்சாதம் மட்டும் வைத்திருக்கிறேன்.

நேற்று நான் வந்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். மேலே ஏறவில்லை. வேப்பமரத்தடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நீ எழுதிய அம்மாசி இவராகத்தான் இருக்கும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்துக் கொடுத்தார்.

"பையனாங்க, பொண்ணுங்களா?" என்றார்.

"பொண்ணு."

"மேல போய்ப் பாத்துட்டீங்களா?"

"வர வேண்டாம்னு சொல்லியிருக்கா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க வீட்லயும்தாங்க சொல்லுது, வந்து என்ன பண்ணப் போறன்னு. நான் பாட்டுக்கு வந்துடுவேன். விரட்டுனா இங்கன வந்து உக்காந்துக்குவேன்" என்றார்.

கடலையை நான் தின்று முடிப்பதற்குள் அவரை மேலே கூப்பிட்டார்கள். நேரம் போனது தெரியவில்லை. அவர் திரும்பி வரும்போது கையில் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவ்வளவு சின்னதாக இருந்தது, வைதேஹி. நான் எழுந்து நின்றேன். அவர்தான் என்னிடம், "நீங்க போய் உங்க புள்ளையப் பாருங்க" என்றார். பின்னால் பூங்கொடியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்கு அப்புறமும் நான் மேலே வரவில்லை. நடந்தே பாலத்தைத் தாண்டி ஆத்துக்கு வந்தேன். காவிரிக்குத் தண்ணீர் வரப்போகிறதாம். ஜனம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறது. எனக்கு ஒன்றும் பார்க்கத் தோன்றவில்லை.

நம் பெண் எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுது. ஒரு வார்த்தை போதும்.

மதுசூதன்


திருச்சி,
29.7.2024

உங்களுக்கு,

இருக்கிறாள். கிருமி அடங்கிக்கொண்டு வருகிறது, பெரிய மெஷினை எடுத்துவிட்டார்கள். இன்று காலை முதல் ட்யூபில் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுக்கிறார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பூங்கொடி போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். "அக்கா, எம்புள்ளைக்கு அவங்க அப்பா குரல் ஒரு தடவைகூடக் கேக்கலை. உங்க பாப்பாவுக்கு அது கிடைச்சுது. சத்தமா இருந்தா என்னக்கா, அப்பாதானே" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. சத்தத்தால் என்ன ஆயிற்று என்று இவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அவள் போன பிறகு அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தேன். உங்கள் மேல் இருந்த கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். அது நிற்கவில்லை.

நேற்று ஹஃப்ஸா வந்தாள். குழந்தையை என் மார்பில் படுக்க வைத்து, தோலோடு தோல் ஒட்ட, துணியைச் சுற்றிக் கட்டினார்கள். "அக்கா, உங்களுக்குப் பாட்டே வர வேண்டாம். வீட்ல கேட்ட சத்தம் எதையாவது மனசுல நினைச்சுக்கிட்டு முனகுங்க" என்றாள். கண்ணுக்குள் நம் ஆத்துச் சமையலறைதான் வந்தது. டாக்டர் என்னை எழுந்திருக்கக்கூடாது என்று படுக்கையில் போட்ட பிறகு, நீங்கள்தானே தளிகை பண்ணினீர்கள். கரண்டியைச் சுற்றிக்கொண்டே, மறுநாள் காலைக்கான பாசுரத்தை வாய்க்குள் ஓட்டிப் பார்ப்பீர்கள். வார்த்தை ஒன்றும் புரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற எனக்கு வெறும் முனகலாகத்தான் வரும். நான்கூட ஒரு நாள், "சாத்தமுதுக்கு அர்ச்சனையா பண்றேள்?" என்று கத்தியிருக்கிறேன்.

அதை முனகினேன். சுருதி சேரவில்லை, எப்படிச் சேரும்? ஆனால் அவள் முகத்தைத் திருப்பினாள். காதை என் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டாள். மானிட்டரில் எண் ஒன்றும் பிரமாதமாக ஏறிவிடவில்லை. இறங்கவும் இல்லை. என்ன பாட்டு என்று ஹஃப்ஸா கேட்டாள். சொன்னேன். "வயித்துல இருக்கறப்பவே காது கேக்க ஆரம்பிச்சிருக்கும்க்கா. அவங்களுக்கு இது பழகின குரல். நீங்க சாரைக் காப்பி அடிக்கறீங்க. சாரையே வரச் சொன்னா என்ன?" என்றாள்.

கோயிலில் பாடுகிற மதுசூதனைப் பாப்பாவுக்குத் தெரியாது. சமையலறையில் இருக்கிறவரைத்தான் தெரியும். அவரை வரச் சொல்கிறேன்.

வைதேஹி


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
31.7.2024

வைதேஹிக்கு,

உன் கடிதத்தைப் பெருமாள் படத்தடியில் வைத்திருக்கிறேன். சமையலறையில் நின்று முனகிப் பார்த்தேன். நீ கேட்கிறாய் என்ற நினைப்பு வந்ததும் குரல் தானாகப் பெரிதாகிவிடுகிறது. அம்மியின் மேலிருந்த டம்ளர் அதிர்கிறது. முன்பு யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பாடியதால்தான் அது அப்படி வந்திருக்கிறது.

நீயே முனகு. உன் குரல் போதும் அவளுக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு தடவை அவள் முகம் அப்படிப் போனால் என்னால் தாங்க முடியாது.

மதுசூதன்


திருச்சி,
2.8.2024

உங்களுக்கு,

எனக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் வந்துவிட்டது. சளியோடு உள்ளே விடமாட்டார்கள், நான்கு நாளைக்கு நான் அவள் பக்கமே போகக்கூடாது. நாளை ஹம்ஸா அக்காவோடு ஆத்துக்கு வருகிறேன். தினமும் இரண்டு மணி நேரமாவது பாப்பாவை யாராவது மார்பில் போட்டுக்கொண்டே ஆக வேண்டும். வேறு யாரையும் நம்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

உங்களுக்குப் பயம் என்று எழுதியிருந்தீர்கள். அன்று கொஞ்சம்கூடப் பயமில்லாமல் வந்தீர்கள். இந்தத் தடவை பயத்தோடு வாருங்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

நாளைக்கு ஆடிப்பெருக்கு. பாலத்தில் கூட்டம் நெரியும், சீக்கிரம் கிளம்புங்கள். சந்தனம், பச்சைக் கற்பூரம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வாருங்கள். அவள் விரலைப் பாருங்கள். கண்ணை மூடினீர்களோ, தொலைந்தீர்கள்.

வைதேஹி


ஸ்ரீ:

திருச்சி,
5.8.2024

வைதேஹிக்கு,

காய்ச்சல் விட்டதா? அக்கா பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். காய்ச்சலோடு எதற்கு அடுப்படியில் நின்றாய்? சாத்தமுதில் உப்பு கூடுதல். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. சிஸ்டர் பூணூலை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு அவளைத் தூக்கி என் மார்பில் வைத்தாள். ஒரு உருண்டை வெண்ணெயை வைத்த மாதிரி இருந்தது. உருகிவிடுவாளோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். "சார், மூச்சு விடுங்க. நீங்க விட்டாத்தான் அவங்களுக்கும் ஞாபகம் வரும்" என்றாள் ஹஃப்ஸா. இரண்டு மணி நேரம் மூச்சு மட்டும் விட்டேன். நேற்றும் அப்படியே. ஹஃப்ஸா ஒன்றும் வற்புறுத்தவில்லை.

இன்று காலை குழந்தை தானாக முகத்தை நிமிர்த்தி என் தொண்டையைப் பார்த்தாள். பார்த்தாளோ, எனக்குத்தான் அப்படித் தோன்றிற்றோ. ஆரம்பித்தேன். உதட்டைத் திறக்கவில்லை. என் வலது கை தானாகக் கரண்டியைச் சுற்றுகிற மாதிரி காற்றில் சுற்றியது போலிருக்கிறது, ஹஃப்ஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று பாடிய அதே பாசுரம். வேறு எதையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தையின் விரலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அரிசி மணி அளவு நகம் அதில். முதல் அடி போயிற்று, இரண்டாவது போயிற்று. அவள் தூங்குகிற மாதிரி இருந்தது.

கடைசி அடியில் இரண்டே சொல் பாக்கி. அவளுடைய வலது கைச் சுண்டுவிரல் விலகிற்று. அதைத் தொடர்ந்து மற்ற விரல்கள். ஹஃப்ஸா அப்போது பக்கத்துக் குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு யாரும் கை காட்டவில்லை.

நிறுத்தினேன். வாய்க்கு வந்துவிட்ட சொல்லை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் கூசிற்று. முப்பது வருஷத்தில் இதுவரை செய்யாதது. பெருமாள் என்ன நினைப்பாரோ என்று ஒரு கணம் தோன்றிற்று. அப்புறம் அதையும் விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. என் மார்பு மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

ஹஃப்ஸா நிமிர்ந்து பார்த்தாள். "முடிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா, முடிக்கலை" என்றேன்.

அலாரம் அடிக்கவில்லை, வைதேஹி. அடிப்பதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

மதுசூதன்